பின்சீட்டுக் கியர்

"மேட்டுல அவ மிதிக்கவே மாட்டேங்கா," என்றார் திரவியம். "ரெண்டு பேரு வண்டிய நான் ஒருத்தனா இழுக்கேன்."

இசக்கி தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழங்கையில என்ன, அண்ணாச்சி?"

"விழுந்துட்டோம்."

"மதினிக்கு?"

"அவளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்ல. நான் அடியில, அவ எம்மேல." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "இனி சைக்கிள் வேண்டாங்கா. போதும்ங்கா. நேத்துலருந்து கால் பயிற்சியும் போதும்ங்கா. சோறும் ரெண்டு வாய்தான்."

குமிழி வந்த இடத்தை இசக்கி விரலால் மூடினாள்.

*

செங்கோட்டையிலிருந்து குண்டாறு அணைக்குப் போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது இசக்கியின் சைக்கிள் கடை.

அவளுக்கு முப்பது வயது. ஒரு காலத்தில் மாநில அளவில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவள். அதைப் பற்றி யாராவது கேட்டால், "ஓட்டுனேன்" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் வராது.

திரவியத்துக்கு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறியவர். அவர் மனைவி சண்முகவடிவு, அந்தக் காலத்தில் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும்.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. கால் பாதி திரும்பியது. பேச்சில் ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் திரும்பின. அந்தச் சொற்களையும் அவள் தேடி எடுப்பதற்குள் திரவியம் சொல்லி முடித்துவிடுவார். அன்பாகத்தான்.

சைக்கிள் மிதித்தால் கால் தேறும், இந்த வருஷத்தை விட்டால் அப்புறம் சிரமம் என்று பிசியோதெரபி டாக்டர் சொன்னார்.

இசக்கியின் கடையில் ஒரு இரட்டைச் சைக்கிள் சும்மா கிடந்தது. மூடிப்போன ஏதோ விடுதியிலிருந்து வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட். முன்பெடல் சுற்றினால் பின்பெடலும் சுற்றும். பிரேக், கியர், திருப்பம் எல்லாம் முன்னால் உட்காருகிறவர் கையில். பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கியர் ஏழு.

இசக்கிதான் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தாள்.

முதல் பத்து நாள் ஊருக்குள் நன்றாகப் போனது. பதினோராம் நாள் வடிவு இடது கையை மலைப் பக்கம் நீட்டினாள். அணைக்குப் போகவேண்டும்.

போகிற வழியில்தான் விழுந்தார்கள்.

*

"எந்தக் கியர்ல ஏறுனீங்க?" என்று கேட்டாள் இசக்கி.

"அஞ்சுல. எனக்கு அதான் தோது. கால் நல்லா ஊனும்."

இசக்கி கையைத் துடைத்தாள். பின்சீட்டின் திருகைத் தளர்த்தி, அவர் உயரத்துக்கு ஏற்றினாள்.

"ஏறுங்க."

"பின்னாலயா?"

"ஆமா."

அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் குனிந்து அவருடைய வலது பாதத்தைப் பெடலோடு சேர்த்துப் பட்டையால் கட்டினாள். வடிவுக்காகத் தைத்த பட்டை அது.

"எனக்கெதுக்கு இது? என் காலு நல்லாத்தான இருக்கு."

இசக்கி முன்னால் ஏறி மிதித்தாள்.

திரவியத்துக்கு ரோடு தெரியவில்லை. அவளுடைய முதுகு தெரிந்தது. பள்ளம் வந்தது, குலுங்கிய பிறகுதான் பள்ளம் என்று தெரிந்தது. வளைவு வந்தது, சாய்ந்த பிறகுதான் வளைவு என்று தெரிந்தது.

மேடு தொடங்கியது. அவள் ஏழாம் கியரில் போட்டாள்.

பெடல் கல்லாகிவிட்டது. இசக்கி சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தாள். அவள் ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் கீழே பெடல் அவர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அவரும் ஊன்றினார். முழங்காலுக்குள் ஏதோ முறுகியது.

"கியரக் குறை, இசக்கி."

அவள் மிதித்தாள்.

"ஏம்மா, கொறைன்னு சொல்லுதேன்லா."

"இன்னும் கொஞ்ச தூரந்தான் அண்ணாச்சி," என்றாள் அவள் திரும்பாமல்.

திரவியம் வாயை மூடிக்கொண்டார். முந்தாநாள் இதே மேட்டில் இதே வார்த்தையை அவர் மூன்று முறை சொல்லியிருந்தார்.

காலை எடுத்துவிடலாமென்று பார்த்தார். கட்டு விடவில்லை. பெடல் சுற்றியது, காலும் கூடவே சுற்றியது.

உச்சியில் வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டாள். இப்போது ஒன்றாம் கியர். பெடலில் பாரமே இல்லை. அவள் காலைப் படபடவென்று சுழற்ற, அவருடைய இடது கால் நழுவி, பெடல் கணைக்கால் எலும்பில் அடித்தது.

கடைக்கு வந்து சேர்ந்தார்கள். இசக்கி பட்டையை அவிழ்த்தாள். அவர் இறங்கி, வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"அவ மிதிக்கலன்னுல்லா சொன்னேன்," என்றார் கடைசியில்.

இசக்கி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கியரப் போடச் சொல்லிக் குடு, தாயி."

*

மறுநாள் காலையிலிருந்து அவர் முன்சீட்டில், இசக்கி பின்சீட்டில்.

முதல் மேட்டின் பாதியில், மூச்சு முட்டும்போது, முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே லிவரைத் தள்ளினார். கறக்கென்று செயின் கழன்றது.

"மேடு கண்ணுக்குத் தெரியும்போதே மாத்திரணும்," என்றாள் இசக்கி. "காலுக்குத் தெரிஞ்ச பெறகு இல்ல."

இரண்டாவது மேட்டில் முன்கூட்டியே மாற்றினார். அப்போதும் உரசியது.

"மாத்துற நேரம் மிதிய இளக்குங்க. அதுக்கும் ஒரு எடம் வேணும்லா."

இளக்கினார். செயின் பெரிய பல்சக்கரத்தில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. கால் இலேசானது. வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது.

"இது என்ன, நடக்கிற வேகத்துல போகுது?"

"நடக்குறவங்க விழுறதில்ல," என்றாள்.

மூன்றாம் நாள் சாரல் காற்று அடித்தது. வயலுக்கு நடுவே போகிற நேர்ரோடு. ஒரு சாண்கூட மேடு கிடையாது. ஆனாலும் வண்டி ஓடவில்லை.

"செயின் இறுகிட்டோ?"

இசக்கி தன் கழுத்துத் துண்டை எடுத்து முன்பக்கம் நீட்டினாள். அவர் ஹேண்டில்பாரில் கட்டினார். துண்டு அவர் நெஞ்சைப் பார்த்துப் படபடத்தது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கியர் குறைத்தார்.

வாய்க்கால் கரையின் சரளைக் கல்லில், எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடி நடுக் கியரில் ஒரே சீராக மிதிக்கப் படித்தார். இறக்கத்தில் கியரைக் கூட்டி வைத்தால்தான் பெடல் காலுக்குப் பிடி கொடுக்கும் என்று படித்தார்.

ஆறாம் நாள் பெரிய மேட்டுக்குக் கீழே இசக்கி சொன்னாள்: "இன்னைக்குப் பேசிக்கிட்டே ஏறுங்க."

"என்னத்தப் பேச?"

"மதினியப் பத்தி."

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு தொடங்கினார்.

"அப்ப எனக்கு இருபத்தேழு வயசு. கம்பத்துல வேலை முடிஞ்சா, பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயி சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு லைன்ல கரண்ட் குடுக்கச் சொல்லணும். ரிசீவர எடுத்தா அவதான். நம்பர் சொல்லுங்கம்பா. அந்தக் குரலக் கேக்கவே வேலையில்லாத நாளும் போயி ரிசீவர எடுத்தேன். நம்பர் சொல்லுங்கன்னா. எனக்கு ஒரு நம்பரும்..."

நிறுத்தினார்.

"பேச்சு நின்னுட்டு," என்றாள் இசக்கி பின்னாலிருந்து.

"மூச்சு வாங்குது."

"கியரு."

அவர் ஒன்று குறைத்தார்.

"...எனக்கு ஒரு நம்பரும் வாயில வரல. அவ கோவப்படல. சரி, ஒங்களுக்கு யாரு வேணும், அதையாவது சொல்லுங்கன்னா."

"சொன்னீங்களா?"

"அதச் சொல்ல இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு."

உச்சிக்கு வந்திருந்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை. இசக்கி சொன்ன பிறகுதான் காலை ஊன்றினார்.

கீழே வயலும் ஊரும் தெரிந்தன. திரவியம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குப் பேச்சு நின்னா தெரியுது," என்றார். "அவ பேசமாட்டாளே. அவளுக்கு எப்ப மாத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இசக்கி வண்டியைத் திருப்பினாள்.

"இறங்குவோம்," என்றாள்.

*

வீட்டில் வடிவு ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். திரவியம் அவள் தலையை வாரிப் பின்னினார். பின்னிக்கொண்டே சொன்னார்.

"கியர் எல்லாம் படிச்சிட்டேன் வடிவு. இனி ஒனக்குக் கஷ்டமே இருக்காது. நீ சும்மா உக்காந்து வா. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

வடிவு தலையை அவர் கையிலிருந்து விலக்கிக்கொண்டாள்.

"போதும்," என்றாள்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"மேட்டுக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு, இறக்கத்துக்கு ஒண்ணு. எல்லாம் வந்துட்டு. அவதான் வரமாட்டேங்கா."

"என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

அவர் சொன்னார்.

இசக்கி எழுந்து ஸ்பேனரை எடுத்தாள். முன் ஹேண்டில்பாரிலிருந்து கியர் லிவரைக் கழற்றினாள். அதைப் பின்கம்பியில், இடது கைப் பக்கம் வைத்து முறுக்கினாள்.

"ஏம்மா, என்ன செய்யுத?"

கேபிள் இப்போது நீளமாகத் தொங்கியது. வேண்டிய அளவு விட்டு மீதியை வெட்டினாள்.

"அவளுக்குக் கியர்னா என்னன்னே தெரியாது."

"தெரிஞ்ச ஆளு கூடப் போயிதான விழுந்தாங்க."

அவள் வெட்டிய துண்டை அவர் பார்த்தார். ஒன்றரை முழக் கம்பி தரையில் கிடந்தது.

"அப்ப எனக்கு என்ன வேலை?" என்றார்.

"மிதிங்க," என்றாள் இசக்கி.

*

வண்டியைக் கொண்டுபோய் ஜன்னலுக்கு நேராக ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பின்சக்கரம் தரையில் படாமல் ஓடியது.

வெகுநேரம் கழித்து வாசலில் வடிவு நின்றாள்.

அவள் பின்கம்பியைப் பார்த்தாள். அதில் புதிதாக இருந்ததைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

திரவியத்தின் வாய்வரைக்கும் வந்தது, இது இன்னது, இப்படித் தள்ளவேண்டும் என்று. விழுங்கிக்கொண்டு பெடலைச் சுற்றினார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினாள். இடது கையால் லிவரைத் தள்ளினாள். செயின் நகர்ந்து வேறு பல்சக்கரத்தில் ஏறியது. இன்னும் தள்ளினாள். மறுபடி ஏறியது. இரண்டுக்கும் நடுவில் நின்றபோது கிர்ரென்று உரசியது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு மயிரிழை பின்னால் இழுத்தாள். சத்தம் அடங்கியது.

அவள் அப்படிக் காது கொடுத்துக் கேட்பதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறதென்று அவர் யோசித்தார்.

வடிவு சீட்டைத் தட்டினாள்.

*

முதல் நாள் தெரு சிரித்தது.

சமமான ரோட்டில் அவள் ஒன்றாம் கியர் போட்டாள். அவர் கால் கிறுகிறுவென்று சுற்றியது, வண்டி நகரவில்லை. பாலத்து ஏற்றத்தில் ஏழு போட்டாள். இருவரும் இறங்கித் தள்ளினார்கள். மூன்று முறை செயின் கழன்றது. ஒவ்வொரு முறையும் அவர் குனிந்து மாட்டினார். மூக்கைச் சொறிந்ததில் மூக்கெல்லாம் கிரீஸ் ஆனது.

வடிவு அதைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு பக்க உதடு மட்டும்தான் சிரித்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்தக் கியரை அவள் கொடுத்தாளோ அதை மிதித்தார். சில நாள் அது கனமாக வந்தது, சில நாள் காற்றாக வந்தது.

இரண்டாவது வாரம் செயின் கழலவில்லை.

ஒரு நாள், பாலம் வருவதற்கு இருபது அடி முன்னாலேயே பெடல் இலேசானது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு ரோடு தெரியாதே, அவர் முதுகுதானே தெரியும்.

"எப்படிட்டி தெரிஞ்சது?"

அவர் காத்திருந்தார். பாலத்தைத் தாண்டி, அரசமரத்தையும் தாண்டிய பிறகு பின்னாலிருந்து வந்தது:

"தோள்."

மேட்டைக் கண்டால் அவர் தோள் இறுகும். இத்தனை வருஷமாக அது அவருக்கே தெரியாது.

*

ஆவணியில் ஒரு காலை. வீட்டைவிட்டு இறங்கியதும் வடிவு இடது கையை மலைப் பக்கம் நீட்டினாள்.

இசக்கி கடையில் நிறுத்தினார்கள். இசக்கி டயரை அமுக்கிப் பார்த்தாள். வடிவின் பாதத்துப் பட்டையை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள், ஒரு கண்ணி தளர்வாக.

"நீயும் கூட வாயேன்," என்றார் திரவியம்.

"கடையில ஆளில்ல," என்றாள்.

முதல் மேடு மூன்றில் ஏறியது. தென்னந்தோப்புக்கு நடுவே ரோடு சமமாக ஓடியபோது ஐந்தானது. இரண்டாவது மேட்டில் இரண்டு. புல்லுக்கட்டோடு நடந்துபோன ஒரு பெண் அவர்களைத் தாண்டிப் போனாள்.

"அண்ணாச்சி, நான் முன்னால போயி அணையில எடம் பிடிச்சு வைக்கட்டா?"

"பிடிச்சு வைம்மா," என்றார் திரவியம். பின்னால் வடிவு மூக்கால் சிரிப்பது கேட்டது.

அவர்கள் விழுந்த இடம் வந்தது, போனது. அவர் அதைக் காட்டவில்லை.

கடைசி மேட்டில் அவருக்கு இடது கெண்டைக்காலில் சதை பிடித்தது.

முதலில் சின்ன முடிச்சுபோல. பிறகு கயிற்றை முறுக்குவதுபோல. அவர் பல்லைக் கடித்தார். சொன்னால் இறங்க வேண்டிவரும். இறங்கினால் வடிவு மறுபடியும் ஏறுவாளோ மாட்டாளோ. தோளைத் தளர்த்தி வைத்துக்கொண்டார். மூச்சையும் சத்தமில்லாமல் விட்டார். வலது காலால் மட்டும் ஊன்றி, இடது காலைச் சும்மா சுற்றவிட்டார்.

பின்னால் செயின் ஒருமுறை நகர்ந்தது. பெடல் இலேசானது.

இன்னொருமுறை நகர்ந்தது. ஒன்றாம் கியர். அதற்குக் கீழே கியர் இல்லை.

பெடல் மட்டும் நிற்கவில்லை. அவர் ஊன்றாத பக்கத்திலும் அது பின்னாலிருந்து வரும் பாரத்தோடு, ஒரே சீராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவு குறைத்திருக்கிறாள் என்றால் அவளால் முடியவில்லை என்று நினைத்தார்.

"கால் வலிக்கா, வடிவு?"

அவள் சொல்லைத் தேடினாள். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. இலைகளிலிருந்து சாரல் சொட்டியது. வண்டி ஒரு முழம் ஏறியது, இன்னொரு முழம் ஏறியது.

"ஒங்களுக்கு," என்றாள் வடிவு.